கூடு விழித்துக்கொள்ளும் முன்

முகவரியை எழுதிக்கொண்டதும் தீயணைப்பு நிலையத்திலிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “யாராச்சும் கல்லு கில்லு எறிஞ்சீங்களாம்மா?” என்பதுதான். சித்தி என்னைப் பார்த்தார். நான் சித்தியின் பேரனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

“ஒண்ணு எறிஞ்சான். படலீங்க தம்பி.”

“சரி. அந்தப் பக்கத்துக் கதவு சன்னல எல்லாம் சாத்திருங்க. நல்லா இருட்டுனப்புறம் வர்றோம். அதுவரைக்கும் யாரும் எதுவும் பண்ண வேணாம். முக்கியமா அந்தத் தம்பி.”

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் அது. மாடிச் சன்னலின் சன்ஷேடுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது கதண்டுக் கூடு. நடுத்தரப் பூசணிக்காய் அளவு. சாம்பலும் பழுப்பும் வெளிர்மஞ்சளும் அலையலையாக ஓடிய மேற்பரப்பு. பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரே துளை. அதன் விளிம்பில் எந்நேரமும் இரண்டு மூன்று தலைகள். மாடிக்கு யாரும் போகாத வீடு என்பதால், எத்தனை மாதமாக அது வளர்ந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கல் வரைக்கும் இரு தரப்புக்கும் சமாதானம்தான்.

கதண்டு என்பது டெல்டாக்காரர்களின் சொல். தெற்கே கடந்தை என்பார்கள். மலையாளத்துக் கடன்னல் இதற்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி ஒலிக்கிறது. நாளிதழ்கள் ‘கதம்ப வண்டு’ என்றும் ‘விஷ வண்டு’ என்றும் எழுதும். ஆனால் இது வண்டே அல்ல. வண்டுக்கு முன்னிறக்கை இரண்டும் கெட்டியாகி முதுகுக்கு ஓடாகியிருக்கும். கதண்டுக்கு நான்கும் மெல்லிய இறக்கைகள்; அது குளவிக் குடும்பம். அந்தக் குடும்பத்திலேயே பெரிய உருவம் கொண்ட வெஸ்பா என்ற பேரினத்தில் உலகம் முழுக்க 22 இனங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் மரக்கிளையிலும் சன்ஷேடிலும் கூடு தொங்கவிடுவது பெரும்பாலும் வெஸ்பா அஃபினிஸ்: கறுத்த உடம்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் பூசிவிட்டாற்போல ஆரஞ்சு மஞ்சள். இதைப் போலவே இருக்கும் வெஸ்பா டிராபிகாவுக்கு வெளிச்சத்தில் தொங்குவது பிடிக்காது. மரப்பொந்து, சுவர் இடுக்கு, மண்ணுக்குள் இருக்கும் வளை என்று ஒளிந்துதான் கட்டும்.

கூடு எடுக்கிறவருக்கு இந்தப் பெயர்ப் பஞ்சாயத்து வெறும் தமிழாராய்ச்சி அல்ல. எது கட்டிய கூடு என்று தெரிந்தால்தான் எடுக்க வேண்டுமா என்பதே தெரியும். சுவர் மூலையில் களிமண்ணைக் குழைத்து அப்பி வைப்பது வேட்டுவக் குளவி. அது ஒற்றைத் தாய். காவல் கிடையாது, படை கிடையாது. புழுவைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து மண் அறைக்குள் முட்டையோடு சேர்த்து வைத்து, மூடிவிட்டுப் போய்விடும். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லி நம் பாட்டிமார்கள் அதைக் கலைக்காமல் விட்டார்கள். காரணம் எப்படியோ, முடிவு சரி. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அகலமாக ஒற்றை அடை தொங்கினால் அது பெருந்தேனீ. அதன் வழிமுறையே வேறு. இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களைக் ‘குளவி’ கொட்டியதாகச் செய்தி வரும்போதெல்லாம், பல நேரம் கொட்டியது இந்தத் தேனீதான். முழுக்க மூடிய, காகித உருண்டை போன்ற கூட்டில் ஒற்றைத் துளை இருந்தால்தான் அது கதண்டு.

காகித உருண்டை என்று உவமைக்காகச் சொல்லவில்லை. அது காகிதமேதான். கதண்டு பழைய மரத்தை, வேலிக் கம்பை, உளுத்த சன்னல் சட்டத்தைத் தாடையால் சுரண்டும். நாரை எச்சிலோடு மென்று கூழாக்கி, உருட்டி எடுத்து வந்து, கூட்டின் விளிம்பில் பட்டையாக இழுத்துவிடும். காய்ந்தால் காகிதம். ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719இல், ரெயமூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் குளவிகளைப் பார்த்துவிட்டு, மரத்திலிருந்தே காகிதம் செய்யலாமே என்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னார். கூட்டின் மேல் ஓடும் அலைகளைக் கவனித்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு நடை. ஒரு குளவி ஒருமுறை போய்வந்த கூழ். சாம்பல் பட்டை பழைய பனங்கட்டையாக இருக்கலாம். பக்கத்துப் பட்டை யார் வீட்டுக் கதவோ.

அந்தக் காகிதச் சுவர் ஒற்றைச் சுவர் அல்ல. பல அடுக்குகள், இடையிடையே காற்று அடைபட்ட பைகள். வெயிலும் குளிரும் உள்ளே சட்டென்று இறங்காது. நடுவில் அறுகோண அறைகள் கொண்ட தட்டுகள், மாடி மாடியாக ஒன்றன்கீழ் ஒன்று, சிறு தூண்களில் தொங்கும். அறைகளின் வாய் கீழ்நோக்கியே இருக்கும். புழுக்கள் தலைகீழாகத் தொங்கியபடிதான் வளர்கின்றன.

இந்தத் தலைகீழ்க் குழந்தைகள்தான் கூட்டின் சமையலறை. வளர்ந்த கதண்டால் கெட்டி இறைச்சியை விழுங்க முடியாது. அதன் நூலிடுப்பு வழியாகத் திரவம்தான் போகும். எனவே வேட்டையாடிய கம்பளிப்புழுவையும் ஈயையும் தேனீயையும் மென்று உருண்டையாக்கிப் புழுவுக்கு ஊட்டுகிறது. புழு அதைச் செரித்து, அமினோ அமிலங்கள் நிறைந்த ஒரு துளி எச்சிலைத் திருப்பித் தருகிறது. அந்தத் துளியைக் குடித்துவிட்டுத்தான் பெரியவை மறுபடி வேட்டைக்குப் பறக்கின்றன. ஜப்பானில் இந்த எச்சிலின் சேர்மானத்தை ஆராய்ந்து, அதைப் போலச் செய்த பானத்தைப் புட்டியில் அடைத்து ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு விற்கிறார்கள்.

கூட்டை இவ்வளவு மூர்க்கமாகக் காப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் இந்தப் புழுக்கள்தான். பூவிலோ அழுகிய பழத்திலோ தனியாகப் பார்க்கும் கதண்டு நம்மைக் கண்டுகொள்ளாமல் பறந்துவிடும். அதே கதண்டு கூட்டருகே வேறு ஆள்.

கூடு எப்படி விழித்துக்கொள்கிறது? முதலில் அதிர்வு. காகிதக் கூடு ஒரு பறை மாதிரி. கிளையை அசைத்தாலும் சுவரைத் தட்டினாலும் உள்ளே கேட்கும். வாசல் காவலர்கள் வெளியே வந்து பார்க்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நம் முகத்துக்கு நேரே வந்து சுற்றிவிட்டுப் போகும். அது எச்சரிக்கை. அந்த நேரத்தில் மெதுவாகப் பின்வாங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். கையை வீசி அதை அடித்தால்தான் அடுத்தது தொடங்குகிறது: வாசனை.

கொட்டும்போது செலுத்தும் விஷத்திலேயே எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை மற்றவற்றை அழைக்கும் மணி. வெஸ்பா மாண்டரினியா என்ற ராட்சதக் கதண்டின் அழைப்பு மணியை 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அதில் முக்கியமானது 2-பென்டனால் என்ற எளிய ஆல்கஹால். ஒன்று கொட்டிய இடம் மற்றவற்றுக்குக் குறிவைத்த இடமாகிவிடுகிறது. ஒன்றை நசுக்கினாலும் அதே வாசனைதான் பரவும். இப்படிப்பட்ட சில பொருள்கள் வாசனைத் திரவியங்களிலும் உணவுச் சுவையூட்டிகளிலும் உண்டு என்பதால், கூட்டுக்குப் பக்கத்தில் சென்ட் போட்டுக்கொண்டு போவது நல்ல யோசனை அல்ல. ஜப்பானில் மலையேறுகிறவர்களுக்கு வெள்ளைத் தொப்பி அணியச் சொல்வார்கள், கறுப்பைத்தான் அவை முதலில் தாக்கும் என்று. நமக்கோ தலைமுடியே கறுப்பு. கொட்டுப்பட்டவர்களுக்கு உச்சந்தலையில் ஏன் அத்தனை தடிப்புகள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டை அழிப்பது யாராலும் முடியும். கூட்டுக்குத் தெரியாமல் அதை முடிப்பதுதான் வேலை.

இரவு எட்டரைக்கு மேல் மூன்று பேர் வந்தார்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். முதலில் வந்தவர் ஏணியைக் கூட எடுக்கவில்லை. தோட்டத்தைச் சுற்றி நடந்தார். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, கீழே மாடு கட்டியிருக்கிறதா, அடுத்த வீட்டில் சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். தெருவிளக்கை அணைக்கச் சொன்னார். வீட்டு விளக்குகளையும். பிறகு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டினார்.

இருட்டுக்குக் காரணம் இருக்கிறது. பகலில் பாதிக் குடும்பம் வெளியே வேட்டையில் இருக்கும். அப்போது கூட்டை எடுத்தால் மிச்சப் பாதி திரும்பி வந்து வீட்டாரைத் தேடும். இரவில் அநேகமாக எல்லாம் உள்ளே. ஆனால் தூக்கம் இல்லை. வெள்ளை வெளிச்சம் பட்டால் வெளிச்சத்தை நோக்கியே பாய்ந்து வரும். டார்ச் பிடித்தவர் கைதான் இலக்கு. பூச்சிகளின் கண் புறஊதாவில் தொடங்கி நீலம், பச்சை வரை நன்றாகப் பார்க்கும். சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டு.

உடையும் அப்படித்தான். தேன் எடுப்பவர்களின் மெல்லிய வலையுடுப்பு கதண்டுக்குப் போதாது. கொடுக்கு அதற்கெல்லாம் நீளம். துணி கனமாக இருக்க வேண்டும், முக்கியமாக உடம்போடு ஒட்டக் கூடாது. முகவலை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். வலைக்குள்ளே கண்ணாடியும் வேண்டும், ஏனென்றால் சில இனங்கள் விஷத்தைக் கண்ணைப் பார்த்துப் பீச்சும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப்பைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு இடைவெளி போதும், மீதி உடுப்பு எல்லாம் வீண்.

ஏணி சுவரில் படாமல் இருக்கச் சாக்கைச் சுற்றிச் சாய்த்தார்கள். ஏறியவர் துளைக்குள் மருந்தைச் செலுத்திய மறுகணம், மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து அடைத்துவிட்டார். கூட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வயலுக்கு அப்பால் ஓடும் மோட்டார் போல. இரண்டு நிமிடம் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது. அந்த இரண்டு நிமிடமும் ஏணியிலிருந்தவர் அசையவில்லை. நான் பார்த்த வேலையில் மிகக் கடினமான பகுதி அந்த அசையாமைதான் என்று நினைக்கிறேன்.

மருந்து என்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. செவ்வந்தியின் உறவுப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பைரித்ரினைப் பார்த்துச் செய்த செயற்கைப் பொருள். நரம்பில் சோடியம் நுழையும் வாயில்கள் மூடாமல் திறந்தபடி நின்றுவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி இறக்கையைக் கட்டுப்படுத்த முடியாமல் விழும். மனிதருக்கு இது ஒப்பீட்டளவில் குறைந்த நஞ்சு. மீனுக்கும் பூனைக்கும் அப்படியில்லை. கிணற்று மூடியை அவர் ஏன் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

சுவர் இடுக்கில் ஒளிந்திருக்கும் கூட்டுக்கு வேறு முறை. அங்கே தூள்தான் நல்லது. வாசலில் தூவிவிட்டால் போய்வரும் குளவிகளே காலில் ஒட்டிக்கொண்டு உள்ளே எடுத்துச் செல்லும். ஓரிரு நாளில் கூடு அடங்கும். இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் பெரிய தவறு செய்கிறார்கள்: துளையைச் சிமெண்டால் அடைத்துவிடுவார்கள். மரத்தையே மென்று காகிதமாக்கும் தாடைக்கு மரச்சட்டமும் பொய்க்கூரைப் பலகையும் எம்மாத்திரம்? வெளிவாசல் இல்லையென்றால் உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிடும். சுவருக்குள் கரகரவென்று சத்தம் கேட்டால் அது எலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பசித்த புழுக்கள் அறைச் சுவரைத் தாடையால் சுரண்டிச் சாப்பாடு கேட்பதும் உண்டு.

புகை? தேனீக்குப் புகை போட்டால் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு ஊர் மாறத் தயாராகும், அதனால் மந்தமாகும். கதண்டுக்குச் சேமித்த தேனும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. புகை அதற்குக் கோபத்தைத்தான் தரும்.

தீப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள முறை அதுதான். வயல் நடுவே தனித்து நிற்கும் பனைமரத்துக் கூட்டை இன்றும் தீயணைப்புக்காரர்களே நீண்ட கம்பில் பந்தம் கட்டி எரிப்பதுண்டு. இறக்கை முதலில் கருகுவதால் பறக்க முடியாமல் போகும் என்பது அதன் கணக்கு. தெரிந்தவர் கையில், திறந்த வெளியில், அது வேலை செய்யும். வீட்டில் அது பைத்தியக்காரத்தனம். காய்ந்த காகிதப் பந்தைக் கூரைக்கு அடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறவர் கதண்டை ஒழித்துவிடலாம், வீட்டோடு சேர்த்து. பந்தத்தின் வெளிச்சத்தில் தப்பியவை யார் பக்கம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே வேலையை மிகுந்த செலவோடும் பதற்றத்தோடும் செய்த ஒரு கதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. ஆசியாவின் ராட்சதக் கதண்டு 2019 டிசம்பரில் அங்கே பிளெய்ன் என்ற ஊரருகே தென்பட்டது. தேனீப் பெட்டியைச் சில மணி நேரத்தில் கொன்று குவிக்கக்கூடிய இனம். கூடு எங்கே என்று தெரியவில்லை. மாநில வேளாண் துறையின் பூச்சியியலாளர்கள் உயிரோடு பிடித்த கதண்டுகளின் இடுப்பில், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் குட்டி ரேடியோக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அது வீட்டுக்குப் போனது. இவர்கள் பின்னால் போனார்கள். 2020 அக்டோபர் 22 அன்று ஒரு தனியார் நிலத்தில், வீடு கட்டச் சீர்செய்த இடத்துக்கு அருகே, ஆல்டர் மரப் பொந்தில் கூடு. இரண்டு நாள் கழித்து விடியுமுன்னே போனார்கள். பொந்தின் இடுக்குகளை நுரையால் அடைத்து, மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, ஒரு குழாயை மட்டும் விட்டு, உறிஞ்சு கருவியால் கதண்டுகளை இழுத்தெடுத்தார்கள். பிறகு கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். மரத்தை வெட்டித் திறந்து பார்த்தபோது முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வளர்ந்தவையுமாக ஏறக்குறைய 500 உயிர்கள். அவற்றில் ஏறக்குறைய 200 வருங்கால ராணிகள். ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு ஒரு கூடு தொடங்கக் கூடியது. 2021இல் மேலும் மூன்று கூடுகளை அழித்தார்கள். 2024 டிசம்பரில் அந்த இனம் நாட்டில் இல்லை என்று அறிவித்தார்கள்.

பிரான்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2004இல் தென்மேற்கில் காணப்பட்ட வெஸ்பா வெலுட்டினா, சீனாவிலிருந்து வந்த மண்பாண்டப் பொதியில் ஒளிந்து வந்ததாக நம்பப்படுகிறது. மரபணுவைப் பார்த்தால் வந்தது அநேகமாக ஒரே ஒரு ராணி. இன்று மேற்கு ஐரோப்பா முழுக்க அதன் கூடுகள் இருக்கின்றன. அதை எடுப்பது அங்கே ஒரு முழுநேரத் தொழிலாகிவிட்டது.

நமக்குக் கதண்டு அந்நியர் அல்ல. கம்பளிப்புழுக்களைத் தின்று வயலுக்கு நல்லதும் செய்கிறது. மனித நடமாட்டமில்லாத உயர்ந்த மரத்தில் இருக்கும் கூட்டை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூட மரம், வாசற்படி, நடைபாதை என்றால் விடக் கூடாது. எலுமிச்சை அளவில் இருக்கும்போது கண்டால் இன்னும் சுலபம். அப்போது உள்ளே ராணி மட்டும் தனியாக இருப்பாள், முதல் தலைமுறைப் புழுக்களுக்கு அவளே தாயும் தாதியும் கொத்தனாரும். மாதம் ஒருமுறை சன்ஷேடுக்கு அடியில் அண்ணாந்து பார்க்கும் வழக்கம் இருந்தால் தீயணைப்பு வண்டியே தேவைப்படாது.

கொட்டிவிட்டால் என்ன செய்வது என்பதில் நம் ஊரில் சுண்ணாம்புக்குத்தான் முதலிடம். தோலுக்குள் போய்விட்ட விஷத்தை மேலே தடவும் சுண்ணாம்பு எதுவும் செய்யாது. தேனீயைப் போல கதண்டு கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. பிடுங்க எதுவும் இருக்காது, அதே கொடுக்கால் மறுபடி மறுபடி கொட்டும். ஆபத்து இரண்டு வகை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும்: உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம். அங்கே உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி; நிமிடக் கணக்கு. ஒவ்வாமை இல்லாதவருக்கோ எண்ணிக்கைதான் ஆபத்து. பத்து இருபது கொட்டுகள் என்றால் அப்போதைக்கு ஆள் நன்றாக இருந்தாலும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். விஷம் தசையையும் இரத்த அணுக்களையும் சிதைக்க, அந்தச் சிதிலங்கள் போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவது அதன் அடையாளம். 2013இல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் கதண்டுகள் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பாம்புக்கடிக்கு உள்ளதைப் போன்ற விஷமுறிவு மருந்து இதற்கு இல்லை.

ஏணியிலிருந்தவர் கூட்டுக்குக் கீழே சாக்கை ஏந்தி, மேலே ஒட்டியிருந்த காம்பை அகலக் கத்தியால் நறுக்கினார். சாக்கின் வாயைக் கட்டி, அதை இன்னொரு சாக்குக்குள் போட்டார். “பரண்ல கிரண்ல வைக்காம கொண்டுபோய்ப் புதைச்சிருவோம் சார். மருந்து பட்ட புழுவ பருந்து தூக்கிட்டுப் போயிரும்.” தேன்பருந்து கதண்டுக் கூட்டையே பிய்த்துத் தின்னும் பறவை. அதன் முகத்தில் செதில் போல நெருக்கமான இறகுகள் இருப்பது அதற்காகத்தான் என்பார்கள். நாகாலாந்தில் மனிதர்களே இந்தப் புழுக்களைச் சாப்பிடுகிறார்கள்; கூட்டைக் கொண்டுவந்து வைத்து வளர்ப்பதும் உண்டு.

சித்தி டீ போட்டுக் கொடுத்தார். குடித்துக்கொண்டே ஏணியிலிருந்தவர் பையனைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, “எதால எறிஞ்ச? செங்கல்லா, சில்லா?” என்று விசாரித்தார். போகும்போது மட்டும், “ராத்திரி வெளிய தங்குனது நாலஞ்சு காலைல வரும். ரெண்டு மூணு நாளைக்கு மாடிச் சன்னலத் தொறக்காதீங்கம்மா” என்றார்.

வந்தன. மறுநாள் காலை ஏழெட்டு, கூடு இருந்த இடத்தில் துளை இருந்த உயரத்துக்குச் சரியாகப் பறந்து வந்து, முட்டுவது போல நின்று, விலகி, மறுபடி வந்தன. சன்ஷேடில் வட்டமாக ஒரு காகிதத் தழும்பு மட்டும் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று. மூன்றாம் நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது ஒன்றே ஒன்று, சன்னலின் பழைய மரச்சட்டத்தில் உட்கார்ந்து நார் சுரண்டிக்கொண்டிருந்தது. சிறு உருண்டையாக உருட்டி எடுத்துக்கொண்டு தழும்பின் விளிம்புக்குப் போய் ஒரு பட்டை இழுத்தது. விரல் நகம் அளவு.

நான்காம் நாள் அதுவும் வரவில்லை.